கல்லூரி ஆங்கில வகுப்பு ஒரு மாணவரின் பார்வையை எப்படி மாற்றும்?

இலக்கண விதிகளை விட, ஒரு பத்தியை நிதானமாக வாசிக்கும் பழக்கம்தான் மாற்றுகிறது. 1987 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ரீகன், ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் பற்றிப் பேசுகையில் 'சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்' என்றார். பெரிய தவறுகள் செய்யப்பட்டன, சரி. செய்தது யார்? வாக்கியத்தில் ஆளே இல்லை. செயப்பாட்டு வினை செய்தவரை மறைத்துவிட்டது. இதை ஒருமுறை கண்டுகொண்டவர் அப்புறம் எந்த அறிவிப்பையும் பழையபடி வாசிக்க மாட்டார்.

பயிற்சிக்கு ஒரு பக்கம் போதும். முதல் வாசிப்பில் பொருளை மட்டும் பாருங்கள். இரண்டாவதில் வினைச்சொற்களை அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றையும் செய்தது யார் என்று ஓரத்தில் எழுதுங்கள். பிறகு, உங்களுக்கு உடன்பாடில்லாத ஒரு கருத்தை, சொன்னவரே 'ஆமாம், இதைத்தான் சொன்னேன்' என்று ஒப்புக்கொள்ளும்படி ஐந்து வரியில் சுருக்குங்கள். கஷ்டமான வேலை இது. ஆனால் பார்வை உண்மையில் அசைவது இங்கேதான்.

கைடு நோட்ஸை மனப்பாடம் செய்தால் இதெல்லாம் நடக்காது. வேறொருவர் வாசித்து எட்டிய முடிவுதான் கையில் மிஞ்சும். ஆசிரியரும் முதல் பதிலுக்கே 'சரி, தவறு' என்று தீர்ப்புச் சொல்லாமல், 'எந்த வரியை வைத்துச் சொல்கிறாய்?' என்று கேட்க வேண்டும்.