குளிர்காலத்தில் லான்சரோட்டே: கேட்டவையும் என் பதில்களும்

ஸ்பெயினின் கனேரித் தீவுகளில் ஒன்றான லான்சரோட்டேவுக்கு டிசம்பர், ஜனவரியில் போக இருப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. நான் அந்தத் தீவைக் குளிர்காலத்தில்தான் அதிகம் சுற்றியிருக்கிறேன்.

ஜனவரியில் உண்மையிலேயே வெயில் அடிக்குமா? கடலில் குளிக்கலாமா?

அடிக்கும். பகலில் 20, 21 டிகிரி வரை போகும். ஆனால் காற்று ஓயாது. வெயில் தாழ்ந்ததும் 14 டிகிரிக்கு இறங்கிவிடும், பல வீடுகளில் ஹீட்டரும் கிடையாது. அதனால் ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். கடல் நீர் 19 டிகிரி. கால் வைக்கும்போது உடம்பு சிலிர்க்கும், கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்.

சின்னப் பிள்ளைகளோடு எந்தக் கடற்கரைக்குப் போவது?

தெற்கே பாப்பகாயோ. பாறைகளுக்கு நடுவே ஒதுங்கிய சிறு சிறு மணல் வளைவுகள், வடகிழக்குக் காற்று அவ்வளவாகத் தாக்காது. வடமேற்கில் உள்ள ஃபமாரா பார்க்க அழகு, ஆனால் அலையும் நீரோட்டமும் பலமானவை. பிள்ளைகளை அங்கே தண்ணீரில் விட வேண்டாம்.

அக்கா, நான் லண்டனில் வேலை பார்க்கிறேன், இந்திய பாஸ்போர்ட். தனி விசா வேண்டுமா?

வேண்டும் தம்பி. ஷெங்கன் விசா, அதாவது ஸ்பெயின் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா. பிரிட்டனில் தங்கும் அனுமதி மட்டும் போதாது.

திமான்ஃபாயா பூங்காவில் பஸ்ஸைவிட்டு இறங்கவே விடமாட்டார்களாமே? போவதில் பயன் உண்டா?

எரிமலைப் பாதையில் இறங்க விடமாட்டார்கள், உண்மைதான். ஆனாலும் தீவில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். 1730 செப்டம்பரில் இங்கே வெடிக்கத் தொடங்கிய எரிமலை நெருப்பு 1736 வரை அடங்கவில்லை. தீவில் ஏறக்குறைய கால்வாசி நிலம் எரிமலைக் குழம்புக்கும் சாம்பலுக்கும் அடியில் போனது. நல்ல விளைநிலமும் பல ஊர்களும் அதோடு போய்விட்டன.

பஸ் கிளம்பும் மேட்டில் பூங்கா ஊழியர் மண்ணிலிருந்து ஒரு பிடி கருஞ்சரளையை அள்ளி நம் உள்ளங்கையில் வைப்பார். சுடும், கை மாற்றி மாற்றித்தான் பிடிக்க முடியும். அப்புறம் தரையில் பதித்த குழாயில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவார். இரண்டு மூன்று நொடியில் அது நீராவியாகச் சீறி ஆள் உயரத்துக்கு மேல் பாயும். எரிமலை ஓய்ந்து இத்தனை காலம் ஆகியும் உள்ளே சூடு அப்படியே இருக்கிறது. காலையில் முதல் ஆளாகப் போங்கள், பதினொரு மணிக்கு மேல் கார் வரிசை நீண்டுவிடும்.

மழையே இல்லாத ஊரில் திராட்சை எப்படி விளைகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. திராட்சைத் தோட்டங்கள் உள்ள லா ஹெரியா பக்கம் போனால் மலைச்சரிவு முழுக்கக் குழிகளாகத் தெரியும். சாம்பலைத் தோண்டி, அடியிலுள்ள பழைய மண்ணை வேர் தொடும்படி ஒவ்வொரு குழியிலும் ஒன்றிரண்டு கொடி நட்டிருப்பார்கள். காற்று வரும் பக்கம் அரைவட்டமாக ஒரு கல்சுவர், சாந்து பூசாமல் அடுக்கியது. பிக்கோன் என்று அவர்கள் சொல்லும் அந்தக் கருஞ்சரளை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டு வெயிலில் காயவிடாமல் காக்கிறது. ஊரை அழித்த சாம்பலை வைத்தே விவசாயம் செய்கிறார்கள். அறுவடை முழுக்கக் கையால்தான். அந்தக் குழிகளுக்குள் இறங்கி நடக்காதீர்கள், சரிந்த சரளையைத் திரும்ப ஏற்றுவது பெரும்பாடு.

ஆஸ்துமா உள்ள அம்மாவை அழைத்துப் போகலாமா?

போகலாம், ஆனால் "கலீமா" வரலாம். சகாராவிலிருந்து தூசு வந்து வானமே பழுப்பாகிவிடும், சில நாள் நீடிக்கும். குளிர்காலத்திலும் உண்டு. அந்த நாட்களில் சன்னலை மூடிக்கொண்டு உள்ளேயே இருக்கட்டும். இன்ஹேலரையும் முகக்கவசத்தையும் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

பையனுக்கு ஒரு எரிமலைக் கல் எடுத்து வரலாமா?

கூடாது, சட்டப்படியே தடை. அதற்குப் பதில் அவனை ஹமேயோஸ் தெல் அகுவாவுக்கு அழைத்துப் போங்கள். எரிமலைக் குழம்பு ஓடி உண்டான குகை அது. ஓவியர் செசார் மன்ரிக்கே அதை ஒரு கலைக்கூடம்போல வடிவமைத்தார். உள்ளே இருட்டான உப்புநீர்க் குளத்தில் விரல்நகம் அளவு வெள்ளை நண்டுகள் இருக்கும், அவற்றுக்குக் கண் தெரியாது. கண் இருட்டுக்குப் பழகும்வரை குனிந்து பார்த்தால் கருங்கல்லில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். தண்ணீரில் காசு மட்டும் போட வேண்டாம் என்று பையனிடம் முன்பே சொல்லிவையுங்கள். உலோகம் அரித்துக் கலந்தால் அந்த நண்டுகள் செத்துவிடும்.