காப்பகத்தில் தங்குபவர் கேள்வி கேட்கலாமா?

வீடற்றோருக்கான காப்பகங்களில் பல காலம் காப்பாளராகவும் பிறகு ஆய்வாளராகவும் வேலை பார்த்தவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி: எங்கள் நகராட்சி, காப்பகங்களுக்கு விதிமுறை எழுத ஒரு குழு அமைத்திருக்கிறது. பொதுமக்கள் தரப்பில் நானும் உறுப்பினர். ‘தூய்மையான, பாதுகாப்பான, கண்ணியமான தங்குமிடம் தரப்படும்’ என்ற ஒரு வரியே போதும் என்கிறார்கள் மற்றவர்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்னவெல்லாம் சேர்க்கச் சொல்லலாம்?

பதில்: ஒப்பாமல் போனது சரிதான். அப்படி ஒரு வரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆய்வுக்குப் போனவள் நான். கழிப்பறை தூய்மையாக இல்லை என்று நான் எழுதுவேன். காலையில்தான் கழுவினோம் என்று நிர்வாகம் எழுதும். இரண்டு தாளும் ஒரே கோப்பில் கிடக்கும், கழிப்பறை அப்படியே இருக்கும். எண்ணிப் பார்க்கவும் அளந்து பார்க்கவும் முடிகிற விதிதான் ஆய்வாளருக்கும் உதவும், அங்கே படுப்பவருக்கும் உதவும்.

இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. நியூயார்க்கில் வீடில்லாத ஆண்களுக்காக ராபர்ட் ஹேய்ஸ் என்ற வழக்கறிஞர் 1979இல் ஒரு வழக்குத் தொடுத்தார். மனுதாரர்களில் ஒருவரான ராபர்ட் காலகனின் பெயரால்தான் அந்த வழக்கு அறியப்படுகிறது. 1981 ஆகஸ்டில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு உத்தரவு வந்தபோது காலகன் உயிரோடு இல்லை, தெருவிலேயே இறந்துபோயிருந்தார். அந்த உத்தரவு கட்டில் குறைந்தது 30 அங்குல அகலம் இருக்க வேண்டும் என்கிறது. சுத்தமான மெத்தை, தலையணை, இரண்டு விரிப்பு, ஒரு போர்வை, துண்டு, சோப்பு எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. புதிதாக ஆள் வந்தால் விரிப்பை மாற்ற வேண்டும், இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறையாவது மாற்ற வேண்டும். ஒவ்வொருவருக்கும் பூட்டி வைக்கும் பெட்டி தர வேண்டும். ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை, பத்துப் பேருக்கு ஒரு குளியலறை. இந்தத் தாளைக் கையில் கொடுத்தால் படிக்கத் தெரிந்த யாரும் ஆய்வு நடத்திவிடலாம். உங்கள் குழு எழுதுவதும் அப்படி இருக்கட்டும்.

இடத்தின் அளவுக்கு வருகிறேன். பேரிடர் முகாம்களுக்கான ஸ்ஃபியர் கையேடு ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் என்கிறது. பூகம்பத்திலோ வெள்ளத்திலோ வீட்டை இழந்து வந்தவருக்கான குறைந்தபட்சம் அது. மாதக்கணக்கில் மனிதர்கள் தங்குகிற காப்பகத்துக்கு அதற்கும் கீழே எழுதுவதில் நியாயமே இல்லை. இந்திய அரசின் 2013ஆம் ஆண்டு நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டம் ஆளுக்கு 50 சதுர அடி என்று வைத்தது. இடம் இருந்தால் மட்டும் போதாது, காற்று வேண்டும். காசநோய் காற்றில் பரவுகிறது. ஜன்னல்கள் உண்மையிலேயே திறக்கின்றனவா என்று கையால் தள்ளிப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் ஒருவர் தலைமாடு இருக்கும் பக்கம் அடுத்தவர் கால்மாடு வரும்படி போடச் சொல்லுங்கள். இதற்குச் செலவே கிடையாது.

எண்ணிக்கை எழுதும்போது ஒரு சொல்லை விடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘வேலை செய்கிற’ கழிப்பறை. பூட்டிக் கிடப்பதையும் தண்ணீர் வராததையும் கணக்கில் சேர்க்கும் வழக்கம் அப்போதுதான் ஒழியும். பெண்கள் கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்க வேண்டும். இரவில் அங்கே போக ஆண்கள் படுத்திருக்கும் கூடத்தைக் கடக்கும்படி இருக்கக் கூடாது. வலிப்பு உள்ளவருக்கும் முதியவருக்கும் கர்ப்பிணிக்கும் மேல்கட்டில் கொடுக்கக் கூடாது. வரைபடத்தை வைத்து விதி எழுதுபவர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படாது, ஓர் இரவு அங்கே படுத்துப் பார்த்தால் தெரியும். ஆய்வையும் முன்கூட்டிச் சொல்லாமல், இரவு எல்லாரும் படுத்த பிறகு நடத்த வேண்டும் என்று எழுதுங்கள். பகல் பதினோரு மணிக்கு எந்தக் காப்பகமும் சுத்தமாகத்தான் இருக்கும்.

கேள்வி: நான் ஒரு காப்பகத்தில் தங்கியிருப்பவன். குளியலறைக் குழாய் பல நாளாக உடைந்து கிடக்கிறது என்று சொன்னதற்கு, “பிடிக்கலைன்னா நாளையிலேர்ந்து வராதே” என்றார் காப்பாளர். காலை ஏழு மணிக்கு எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு இருட்டின பிறகுதான் கதவைத் திறக்கிறார்கள். என் காலில் ஆறாத புண் இருக்கிறது. எனக்கு ஏதாவது உரிமை உண்டா?

பதில்: உண்டு, ஐயா. நீங்கள் குழாயைப் பற்றிக் கேட்டது தவறே இல்லை. காப்பாளர் அப்படிச் சொன்னதுதான் தவறு. அந்த வேலையில் இருந்தவள் என்பதால் உறுதியாகவே சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு நான் எழுதிய அத்தனை அளவுகளும் உங்கள் கடிதத்தில் வந்து நிற்கின்றன. கேள்வி கேட்டால் படுக்கை போய்விடும் என்ற பயம் இருக்கும் இடத்தில் எந்த விதியும் நடக்காது. ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை என்று சுவரில் எழுதியிருந்தாலும், ஏழாவது ஆளைப் பற்றி யார் வாய் திறப்பார்கள்? அதனால் தரவிதிகளில் முதலில் வர வேண்டியது வெளியேற்றம் பற்றிய விதி என்பது என் கருத்து. காரணத்தை எழுதித் தர வேண்டும். அதற்குப் பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும். முடிவெடுத்தவரே அல்லாத வேறொருவரிடம் முறையிட வழி வேண்டும். அந்த முறையீடு முடியும்வரை படுக்கை அவருடையதாகவே இருக்க வேண்டும். கைகலப்பு, ஆயுதம் என்று வந்தால் உடனே பிரித்தாக வேண்டும், மறுக்கவில்லை. அப்போதும் அவரை வேறு காப்பகத்துக்கு அனுப்ப வேண்டுமே தவிர, தெருவுக்கு அனுப்பக் கூடாது. பிரான்ஸ் நாட்டுச் சட்டம் இதற்குப் பக்கத்தில் வருகிறது: அவசரக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டவர் விரும்பினால், நிலையான தங்குமிடத்துக்கோ அவர் நிலைமைக்கு ஏற்ற வேறு இடத்துக்கோ வழிகாட்டப்படும்வரை அங்கேயே தொடரலாம்.

பகலில் வெளியேற்றுவது பற்றி. ஜோகன்னஸ்பர்க்கில், குடியிருந்த கட்டடத்திலிருந்து அகற்றப்பட்டவர்களை மாநகராட்சி ஒரு காப்பகத்தில் வைத்தது. காலை 8 மணிக்கு வெளியேறிவிட வேண்டும், மாலை 5.30க்கு முன் திரும்பக் கூடாது. கணவனும் மனைவியும் தனித்தனிக் கூடங்களில் படுக்க வேண்டும். அங்கே தங்கியவர்களே வழக்குத் தொடுத்தார்கள். 2017 டிசம்பரில் தென்னாப்பிரிக்க அரசியல்சாசன நீதிமன்றம் அந்த இரண்டு விதிகளும் மனித கண்ணியத்துக்கும் அந்தரங்க உரிமைக்கும் எதிரானவை என்று தீர்ப்பளித்தது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2010இல், காப்பகங்கள் வருடம் முழுவதும் 24 மணி நேரமும் இயங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்க வேண்டியவர், காய்ச்சலில் கிடப்பவர், உங்களைப் போல் காலை நீட்டி உட்கார வேண்டியவர் எல்லாரும் இருக்கிற இடம் அது.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது. எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, யார் என்ன சொன்னார் என்பதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். குழாய் விஷயத்தைத் தனியாக எழுதாதீர்கள், கூடத் தங்கியிருப்பவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்திடுங்கள். ஒரு பிரதியைக் காப்பகத்துக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். மருத்துவரிடம் புண்ணைக் காட்டி, பகலில் ஓய்வு தேவை என்று எழுதி வாங்குங்கள். எந்த நிர்வாகமும் அந்தச் சீட்டை எளிதில் தள்ளிவிடாது. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும் என்பதால் எல்லாத் தாள்களையும் எடுத்துக்கொண்டு இலவசச் சட்ட உதவி தரும் இடத்துக்குப் போங்கள். அதற்குள் படுக்கையை எடுத்துவிட்டால், அன்றிரவே யாரையாவது கூட அழைத்துக்கொண்டு போய், காரணத்தை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதச் சொன்னதும் குரலைத் தாழ்த்திக்கொண்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: இலவசமாக நடத்தும் இடத்துக்கு இத்தனை நிபந்தனை போட்டால் சின்ன அறக்கட்டளைகள் மூடிவிட்டுப் போய்விடாதா? எண்ணிக்கையைக் காட்டியே ஆட்களைத் திருப்பி அனுப்பவும் செய்வார்களே?

பதில்: இரண்டாவது பயம்தான் எனக்கும். ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்று விதி போட்டுவிட்டு, ஐம்பத்தோராவது ஆளுக்கு யார் பொறுப்பு என்று எழுதாமல் விட்டால் அவர் தெருவில்தான் படுப்பார். அதனால் தரம் பற்றிய விதியையும் இடம் கொடுக்கும் கடமையையும் ஒன்றாகவே எழுத வேண்டும். அந்தக் கடமை அரசினுடையது. நியூயார்க் உத்தரவில் படுக்கை தர வேண்டிய பொறுப்பும் படுக்கையின் தரமும் ஒரே தாளில் இருக்கின்றன. இந்திய உச்ச நீதிமன்றமும் பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்று அரசைத்தான் கட்டச் சொன்னது.

சின்ன அறக்கட்டளைகளுக்கு அவகாசமும் பணமும் கொடுங்கள். கூடுதல் கழிப்பறை கட்ட ஒரு வருடம் ஆகலாம், புரிகிறது. ஆனால் பெண்கள் அறைக்குள் நுழையும் முன் கதவைத் தட்டுவதற்கு அவகாசம் எதற்கு? தங்குபவரிடமிருந்து வாங்கி வைத்த பொருளுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பதற்கும், நன்கொடையாளர் வரும்போது தங்கியிருப்பவர்களை வரிசையாக நிற்கவைத்துப் படம் பிடிக்காமல் இருப்பதற்கும் என்ன செலவு? இவற்றை முதல் நாளிலிருந்தே கேட்கலாம்.

கேள்வி: அடையாள அட்டை இல்லாதவர்களைச் சேர்க்கலாமா? சேர்த்தால் பதிவேட்டில் என்ன எழுதுவது?

பதில்: சேர்த்தாக வேண்டும். தெருவில் படுப்பவரிடம் முதலில் தொலைவதும் திருடு போவதும் அட்டைகள்தான். அவர் சொல்கிற பெயரை எழுதுங்கள், அட்டை எடுக்கப் பிறகு உதவுங்கள். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம் 2012இல் கொண்டுவந்த வீடற்றோர் உரிமைச் சட்டம், காப்பகத்துக்குக் கொடுத்த தகவல் வெளியே போகாமல் காக்கப்படுவதையும் ஓர் உரிமையாகச் சேர்த்தது. அடி தாங்காமல் வீட்டைவிட்டு வந்த பெண்ணைத் தேடிக்கொண்டு ஆள் வரும். வாசல் மேசையில் பதிவேடு விரித்து வைத்திருந்தால் அவன் யாரையும் கேட்கவே வேண்டாம். பூட்டுள்ள அலமாரியில் வையுங்கள். அதிகாரிகள் பார்க்கக் கேட்டால் எழுத்தில் உத்தரவு வாங்கிக்கொண்டு, யார் வந்தார், எந்தப் பக்கத்தைப் பார்த்தார் என்பதையும் குறித்து வையுங்கள்.