ஆராய்ச்சி வேலைக்கு 4,500 வெள்ளி சான்றிதழ் வேண்டுமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். மகள் கணினி அறிவியல் முடித்துவிட்டாள், எக்ஸ்ரே படங்களைக் கணினிக்குப் பழக்கி நோய் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சியில் உதவியாளராகச் சேர ஆசை. 'மெடிக்கல் ஏஐ' சான்றிதழ் இல்லாமல் பேராசிரியர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், 4,500 வெள்ளி கட்டினால் சான்றிதழோடு வேலையும் வாங்கித் தருகிறேன் என்கிறாராம் ஓர் ஏஜெண்ட். நகையை அடகு வைக்கலாமா?

வைக்காதீர்கள் அக்கா.

இந்த வேலைக்கான சம்பளம் பெரும்பாலும் ஒரு பேராசிரியருக்குக் கிடைத்த ஆராய்ச்சி மானியத்திலிருந்து வருகிறது, உயர்கல்வி அமைச்சின் எஃப்.ஆர்.ஜி.எஸ். (அடிப்படை ஆராய்ச்சி மானியத் திட்டம்) மாதிரி. ஆளைப் பார்த்து எடுப்பது அவர், மானியம் தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது. நடுவில் ஏஜெண்டுக்கு இடமே கிடையாது. மலாயாப் பல்கலைக்கழகமோ, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான யூ.எஸ்.எம்.மோ, மகளே நேராக மின்னஞ்சல் அனுப்பட்டும். மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை, குழுவில் மருத்துவர் இருப்பார்.

ஆனால் இந்த வேலைகளையெல்லாம் ஒரே இடத்தில் விளம்பரப்படுத்த நம் பல்கலைக்கழகங்களுக்கு என்ன தடை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. யாரோ ஒரு விரிவுரையாளரின் பேஸ்புக் பக்கத்தில் வரும், நாலு பேர் பகிர்வார்கள், தோட்டத்துப் பிள்ளைக்குச் சேதி எட்டுவதற்குள் ஆள் எடுத்து முடித்திருப்பார்கள். ஏஜெண்டுகள் பிழைப்பதே இதனால்தான்.

பணம் கட்ட வேண்டிய ஓர் இடம் உண்டு, அதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் ஜி.ஆர்.ஏ. (பட்டமேற்படிப்பு ஆராய்ச்சி உதவியாளர்) என்று இருந்தால் மகள் முதுகலை அல்லது முனைவர் பட்ட மாணவியாகப் பதிந்துகொண்டு வேலை செய்ய வேண்டும், கிடைப்பது மாத உதவித்தொகை. அப்போது பதிவுக் கட்டணம், செமஸ்டர் கட்டணம் வரும். அதைக்கூட, பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த பிறகு, பல்கலைக்கழகத்தின் பெயரில் உள்ள கணக்கில்தான் கட்ட வேண்டும். 'நான் பல்கலைக்கழக ஆள்தான், என் கணக்கில் போடுங்கள்' என்று யார் சொன்னாலும் போடாதீர்கள். 'இடத்தைப் பிடித்து வைக்க' என்று ஐம்பது வெள்ளி கேட்டாலும் கொடுக்காதீர்கள். மானியத்திலிருந்து கட்டணத்தைக் கொடுப்பார்களா என்று பேராசிரியரிடம் மகள் முதலிலேயே கேட்டுவிடட்டும்.

இன்னொன்று, 'பயிற்சிக்கு ஆஸ்பத்திரி எக்ஸ்ரே தருகிறேன்' என்று ஆசை காட்டுவார்கள். தொடவே கூடாது. சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் ஆய்வு செய்ய முறையான பதிவும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். திருட்டுத்தனமாக வந்த நோயாளி விவரத்தால் கடைசியில் மாட்டுவது உங்கள் பிள்ளை.

பழக இலவசமாகவே இருக்கிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2017இல் 30,805 நோயாளிகளின் 1,12,120 நெஞ்சு எக்ஸ்ரே படங்களைப் பொதுவில் வெளியிட்டது. அதில் ஒரு பகுதியை எடுத்து மகள் ஒரு சின்ன வேலை செய்து காட்டட்டும். கணக்கைப் பாருங்கள், ஒரே ஆளுக்குப் பல படங்கள். அவற்றில் சிலதைப் பழக்கவும் மீதியைச் சோதிக்கவும் போட்டால், பரீட்சைத் தாளை முன்கூட்டியே காட்டிவிட்ட மாதிரி, மதிப்பெண் பொய்யாக ஏறும். ஆள் வாரியாகப் பிரித்தேன், இன்ன காரணத்துக்காகப் பிரித்தேன் என்று மின்னஞ்சலில் இரண்டு வரி எழுதினால், விஷயம் தெரிந்த பேராசிரியர் நின்று படிப்பார். அந்த 4,500 வெள்ளிச் சான்றிதழுக்கு அந்த மதிப்பு இல்லை.

முன்பணம் ஏதும் ஆன்லைனில் அனுப்பிவிட்டீர்களா? அப்படியானால் இன்றே வங்கிக்கும், தேசிய மோசடி எதிர்நடவடிக்கை மையத்தின் 997 எண்ணுக்கும் அழையுங்கள், ரசீதை வைத்துப் போலீசில் புகார் கொடுங்கள்.