மெரூன் ஜிப்பாவும் தவில் வாரும்

அன்புள்ள ஐயா,

மேலூர் பக்கம் தவில் வாசிக்கிறேன். எங்கள் செட்டில் அஞ்சு பேருக்கும் ஒரே மாதிரி, பளபளவென்று பாலியஸ்டர் மெரூன் ஜிப்பா எடுக்கலாம் என்கிறார்கள். கல்யாண வீடியோவில் எடுப்பாகத் தெரியுமாம். சட்டையில்லாமல் வாசிப்பதுதான் மரபு என்கிறார் ஒரு பெரியவர். கூட்டமோ செல்போனைத்தான் பார்க்கிறது. எந்த நிறம் எடுக்கலாம்?

அன்புள்ள தம்பி,

இளநீலம், சாம்பல் தவிர எதையும் எடுங்கள். அந்த இரண்டும் அக்குள் வியர்வையை ஊருக்கே காட்டிக்கொடுக்கும். செல்போன்காரர்களை விடுங்கள். கெட்டிமேளம் ஒரு நொடி பிந்தட்டும், அத்தனை தலையும் நிமிரும்.

அந்தப் பெரியவர் சொன்னதுதான் உறுத்துகிறது. எது மரபு? மேளக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வெற்றுடம்போடு நின்றது கலைக்காக இல்லை, எதிரே உட்கார்ந்திருந்த பண்ணையாருக்காக. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வைத்து, ஷெர்வானியும் ஷூவும் போட்டு நாதஸ்வரம் வாசித்தவர். அவர் 1956இல் மறைந்தார். இன்னமும் சட்டையைக் கழற்றச் சொல்ல ஒரு வாய்! கோயிலுக்குள் வழக்கம் என்றால் கழற்றுங்கள், அங்கே கும்பிட வருகிறவரும் கழற்றுகிறார். மண்டபத்தில் மாப்பிள்ளை கோட்டு சூட்டில் நிற்க, நீங்கள் மட்டும் ஏன்?

அதற்காகப் பாலியஸ்டரா? சித்திரை வெயிலில், மாப்பிள்ளை அழைப்புக்கு நடந்துகொண்டே வாசிக்கிற ஆள் எடுக்கிற துணியா அது? வியர்வையை உறிஞ்சாது. கை வழியே இறங்கும் வியர்வை, விரல்களில் தொப்பி மாதிரி மாட்டும் கூட்டுக்குள் போனால் கூடு வழுக்கும். அந்த விரல்களால் வாசிக்கும் பக்கமான வலந்தலையில் சொட்டினால் தோல் தொய்ந்து நாதம் இறங்கும். தவிலை மாட்டும் வாரும் வழுக்கித் தோளில் நிற்காது. பத்தடிக்கு ஒருமுறை தவிலை ஏற்றிவிட்டுக்கொண்டே போகவேண்டியதுதான். பருத்தி எடுங்கள். பட்டுதான் வேண்டுமென்றால் பருத்தியில் உள்துணி கொடுங்கள். வார் விழும் தோளில் மட்டும் உள்ளே இன்னொரு மடிப்பு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், முதலில் நைந்துபோவது அந்த இடம்தான்.

அளவெடுக்கும்போது மாப்பிள்ளை மாதிரி விறைத்து நிற்காதீர்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்து, குச்சி பிடிக்கும் கையை ஓங்கிக் காட்டுங்கள். பக்கத் திறப்பு இடுப்பெலும்பு வரை வரவேண்டும். இல்லையென்றால் கீழ் ஓரம் தொடைக்கடியில் மாட்டிக்கொண்டு பின்கழுத்தைப் பிடித்து இழுக்கும். அக்குளில் மூன்று அங்குலச் சதுரத் துண்டு வைத்தால் கை தாராளமாக ஏறி இறங்கும். சட்டைக் கை முழங்கைக்கு மேலேயே நிற்கட்டும்; தொங்கும் விளிம்பு வலந்தலையில் உரசும். உலோகப் பொத்தான் வேண்டாம், தவில் கட்டையைக் கீறிவிடும். நாதஸ்வரக்காரருக்கு ஒன்று சொல்லுங்கள்: பெல்ட்டைத் தொப்புளுக்குக் கீழே போடட்டும். மேலே இறுக்கினால் வயிறு விரிந்து மூச்சிழுக்க இடமிருக்காது.

மதுரை விளக்குத்தூண் துணிக்கடையில் அஞ்சையும் ஒரே சைஸில் வாங்கி இருநூறு ரூபாய் மிச்சம் பிடித்தோம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், கோபம் வரும். உள்தையலில் ஒரு அங்குலமாவது துணி விடச் சொல்லுங்கள். தைத்து வந்ததும் போட்டுக்கொண்டு வீட்டிலேயே ஒரு தனி ஆவர்த்தனம் முழுசாக வாசியுங்கள். இறுக்கிப் பிடிக்கிற இடத்தைச் சாக்பீஸால் குறித்து, முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்பே தையற்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.