அழைப்பு மட்டும் வராத கைப்பேசி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் தனியாக இருக்கிறார். ஒரு வாரமாக அவருடைய ஸ்மார்ட்ஃபோனுக்கு யார் அழைத்தாலும் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்’ என்று வருகிறது. அவராலும் யாரையும் அழைக்க முடியவில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் பேசினால் தெளிவாகக் கேட்கிறது. பழுது பார்க்கும் கடையில் மதர்போர்டு போய்விட்டது என்றும், புது ஃபோன் வாங்கிவிடுவது நல்லது என்றும் சொல்கிறார்கள். வாங்கிவிடலாமா?
– வாசகி, நெய்வேலி

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். வாட்ஸ்அப் வேலை செய்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. அது வீட்டு வைஃபையில் வேலை செய்கிறதா, சிம்மின் டேட்டாவில் வேலை செய்கிறதா என்பது தெரிந்தால் மீதிப் பாதியும் கிடைத்துவிடும். அம்மாவிடம் வைஃபையை அணைக்கச் சொல்லிவிட்டு, மொபைல் டேட்டாவை மட்டும் வைத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் உங்களை அழைக்கச் சொல்லுங்கள். அப்போதும் பேச முடிந்தால், ஃபோனின் ஆண்டெனாவும் சிம்மும் டவரும் ஒழுங்காகவே இயங்குகின்றன என்று பொருள். மதர்போர்டு போய்விட்டது என்ற பேச்சுக்கு அதன்பின் இடமில்லை.

வைஃபையை அணைத்தவுடன் வாட்ஸ்அப்பும் நின்றுபோனால், முதலில் ரீசார்ஜ் தேதியைப் பாருங்கள். வீட்டில் பிராட்பேண்ட் இருக்கும் பெரியவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. வாட்ஸ்அப் ஓடிக்கொண்டே இருப்பதால் சிம்மின் காலக்கெடு முடிந்தது அவர்கள் கவனத்துக்கு வருவதில்லை. காலக்கெடு முடிந்தால் முதலில் நாம் அழைக்கும் அழைப்புகள் நிற்கும். சில நாள் கழித்து நமக்கு வரும் அழைப்புகளும் நிற்கும். 198 என்ற புகார் எண்ணுக்கு மட்டும் அழைப்பு போய், மற்ற எந்த எண்ணுக்கும் போகவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் இதுதான். தள்ளிப்போடாமல் ரீசார்ஜ் செய்துவிடுங்கள். பயன்பாடே இல்லாமல் 90 நாள் கிடக்கும் முன்கட்டண எண்ணை நிறுவனம் முடக்க விதி இடம் கொடுக்கிறது. வங்கிக் கணக்கு, ஆதார், எரிவாயு இணைப்பு எல்லாம் அந்த எண்ணில்தான் இருக்கும்.

டேட்டா ஓடுகிறது, ரீசார்ஜும் இருக்கிறது, அழைப்பு மட்டும் இல்லை என்றால், வோல்ட்இ என்ற வசதியின் பக்கம் திரும்ப வேண்டும். பழைய 2ஜி, 3ஜி இணைப்புகளில் பேச்சுக்கென்று தனிப் பாதை இருந்தது. 4ஜியில் அப்படி ஒன்று கிடையாது. குரலும் டேட்டாவாகவே போகிறது, அந்த ஏற்பாட்டுக்குத்தான் வோல்ட்இ என்று பெயர். அது அணைந்திருந்தால், அழைப்பு வரும் நேரத்தில் ஃபோன் 4ஜியை விட்டு 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்கி அந்த அழைப்பை வாங்கியாக வேண்டும். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி இரண்டுமே இல்லை என்பதால், அந்த சிம்மில் வோல்ட்இ அணைந்தால் ஃபோன் இறங்குவதற்கு இடமே இல்லை. சிக்னல் கோடுகள் முழுதாக நிற்கும், வீடியோ ஓடும், அழைப்பு மட்டும் வராது. உங்கள் அம்மாவின் நிலை இதனோடு மிகவும் ஒத்துப்போகிறது. அமைப்புகளில் சிம் கார்டு, மொபைல் நெட்வொர்க் பகுதிக்குப் போய், ‘வோல்ட்இ’ அல்லது ‘4ஜி காலிங்’ என்று இருப்பதை இயக்குங்கள். அதே பக்கத்தில் நெட்வொர்க் வகை தானியங்கியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு *#*#4636#*#* என்ற மறைவுப் பக்கத்தில் நுழைந்து ‘எல்டிஇ மட்டும்’, அதாவது 4ஜி மட்டும், என்று மாற்றி வைத்த ஃபோன்களில், வோல்ட்இ சரியாக இயங்காதபோது இதே கோளாறு வருகிறது.

இதிலும் சரியாகவில்லை என்றால், சிம்மைக் கழற்றி நன்றாக வேலை செய்யும் வேறொரு ஃபோனில் போட்டுப் பாருங்கள். கடைக்குப் போகும் முன் எல்லோரும் செய்ய வேண்டிய சோதனை இது, பைசா செலவில்லை. சிம் அங்கும் பேசாவிட்டால் குறை சிம்மில் அல்லது இணைப்பில். அங்கே பேசினால் குறை ஃபோனில். கழற்றும்போது சிம்மின் பொன்னிறத் தகட்டைச் சற்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கடற்காற்றில் உப்பும் ஈரமும் கலந்த நம் ஊர்களில் அந்தத் தகட்டின் ஓரங்களில் கருமையாகவோ பச்சையாகவோ படலம் படிவதுண்டு. உலர்ந்த மென்மையான துணியால் அழுத்தாமல் துடைத்துவிட்டுப் போடுங்கள். பெரிய சிம்மை வெட்டிச் சிறிதாக்கியது என்றால் மாற்றிவிடுவதே மேல். புது சிம் மாற்றியதும் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் நிறுத்திவைக்கப்படும். மோசடியைத் தடுக்க அரசு வைத்த ஏற்பாடு அது. ஆகவே பென்ஷன் பணம் எடுக்கும் நாளில் சிம் மாற்ற வேண்டாம்.

சிம்மில் குறையில்லை என்று தெரிந்தால், ஃபோனில் ‘நெட்வொர்க் அமைப்புகளை மீட்டமை’ என்பதை மட்டும் செய்யுங்கள். வைஃபை கடவுச்சொற்களும் புளூடூத் இணைப்புகளும் போகும். புகைப்படங்களும் தொடர்பு எண்களும் அப்படியே இருக்கும். இதைச் செய்து பார்ப்பதற்கு முன்பே ‘சாஃப்ட்வேர் போட்டால் சரியாகிவிடும்’ என்று ஃபோனை மொத்தமாக அழிக்க முனைபவரிடம் அம்மாவின் ஃபோனைக் கொடுக்காதீர்கள். அழிந்துபோகும் பேரப்பிள்ளைகளின் படங்களை அந்தக் கடைக்காரரால் திருப்பித் தர முடியாது.

கேள்வி: தினமும் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் வேலைக்குச் செல்கிறேன். முள்ளோடை எல்லையைத் தாண்டும்போது பேசிக்கொண்டிருக்கும் அழைப்பு அறுந்துபோகிறது. வேறு மாநில எல்லை என்பதால் ரோமிங்குக்கு மாறுகிறதா?
– வாசகர், செம்மண்டலம்

பதில்: இல்லை. தொலைத்தொடர்புக் கணக்கில் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாடு வட்டத்துக்குள்தான் வருகின்றன. ஒன்றியப் பிரதேசத்தின் மற்ற இரு பகுதிகளில் மாஹே கேரள வட்டத்திலும் ஏனாம் ஆந்திர வட்டத்திலும் சேரும். ஓடும் பேருந்தில் உங்கள் அழைப்பை ஒரு டவர் அடுத்த டவரிடம் கைமாற்றிக்கொண்டே போகிறது. இரண்டுக்கும் நடுவில் சிக்னல் மெலிந்த இடம் இருந்தால் கைமாறும் கணத்தில் அறுந்துவிடும். நெட்வொர்க் தேர்வு தானியங்கியாக இருக்கட்டும். அறுந்த இடத்தையும் நேரத்தையும் குறித்து 198-இல் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தீர்வு திருப்தியாக இல்லாவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாளுக்குள் எழுதலாம். புகார் எண் கையில் இல்லாவிட்டால் மேல்முறையீட்டுக்குப் பிடிமானம் இருக்காது.

கேள்வி: கடலூர் முதுநகரிலிருந்து விசைப்படகில் தொழிலுக்குப் போகிறோம். கரையில் நன்றாகப் பேசும் ஃபோன் ஆழத்துக்குப் போனதும் செத்துவிடுகிறது. விலை கூடிய ஃபோன் வாங்கினால் கிடைக்குமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: கிடைக்காது. சாதாரண 2ஜி டவரின் எல்லை, நடுவில் மறைப்பே இல்லாவிட்டாலும், ஏறத்தாழ 35 கி.மீ.தான். அலை போய்த் திரும்பும் நேரத்தை வைத்து அமைக்கப்பட்ட வரம்பு அது. எவ்வளவு விலை கொடுத்த ஃபோனாலும் அதைத் தாண்ட முடியாது. நடைமுறையில் அதற்கு முன்பே நின்றுவிடும். பூமியின் வளைவு டவரை மறைத்துவிடுகிறது, கரையில் உள்ள டவர்களும் ஊரை நோக்கியே திருப்பப்பட்டிருக்கின்றன. தூரத்துக்குப் போகும் படகில் கைப்பேசியை நம்பி இருப்பது உயிரோடு விளையாடுவது. விஎச்எஃப் வயர்லெஸ் கருவி கட்டாயம் வேண்டும். ஒரு படகு திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பவில்லை என்றால், கரையில் இருக்கும் குடும்பத்தார் ஃபோனையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருக்காமல், கடலோரக் காவல்படையின் 1554 எண்ணையோ கடலோரப் பாதுகாப்புக் காவல் குழுமத்தின் 1093 எண்ணையோ உடனே அழைக்க வேண்டும். இந்த இரண்டு எண்களையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

கேள்வி: கூரியரிலிருந்து பேசுவதாக ஒருவர் அழைத்தார். முகவரி சரிபார்க்க என்று சொல்லி *21* என்று தொடங்கும் ஓர் எண்ணை அழுத்தச் சொன்னார், அழுத்திவிட்டேன். அன்றிலிருந்து நான் அழைத்தால் போகிறது, எனக்கு ஓர் அழைப்புகூட வருவதில்லை. மகன் ஃபோனை ஃபார்மட் அடித்துப் பார்த்தான், பயனில்லை.
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்கு முன்பே ஃபோனை எடுத்து ##002# என்று தட்டி அழைப்புப் பொத்தானை அழுத்துங்கள். அது எல்லா வகை அழைப்புத் திருப்பல்களையும் நீக்கும் கட்டளை. பிறகு *#21# என்று அழுத்தினால் திருப்பல் இன்னும் இருக்கிறதா என்று திரையில் வரும். கட்டளை ஏற்கப்படவில்லை என்றால், ஃபோன் செயலியின் அமைப்புகளில் ‘கால் ஃபார்வர்டிங்’ பகுதியில் அணையுங்கள், அல்லது 198-ஐ அழைத்து நீக்கச் சொல்லுங்கள்.

அந்த ஆள் உங்களை அழுத்தச் சொன்னது, உங்களுக்கு வரும் எல்லா அழைப்புகளையும் அவருடைய எண்ணுக்குத் திருப்பிவிடும் கட்டளை. *401* என்று தொடங்குவதும் இதே வகைதான். அந்தக் கட்டளை நிறுவனத்தின் கணினியில் பதிவாகிறது. உங்கள் ஃபோனில் அது சேமிக்கப்படுவதில்லை. அதனால்தான் ஃபார்மட் அடித்தும் மாறவில்லை. புது ஃபோன் வாங்கி அதே சிம்மைப் போட்டாலும் மாறியிருக்காது. இத்தகைய குறியீடு வழித் திருப்பல்களை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அப்படியும் இந்த மோசடி ஓயவில்லை.

அழைப்பு வராமல் போனதைவிட, இடைப்பட்ட நாள்களில் அந்த ஆளுக்கு என்னென்ன அழைப்புகள் போயின என்பதே கவலைக்குரியது. எஸ்எம்எஸ் திரும்பாது, ஆனால் கடவு எண்ணைக் குரலில் சொல்லும் அழைப்புகள் திரும்பும். வாட்ஸ்அப் கணக்கைப் புதிய ஃபோனில் திறக்கும்போது சரிபார்ப்பு எண்ணை அழைப்பு வழியாகவும் பெறலாம் என்பதால், முதலில் பறிபோவது பெரும்பாலும் வாட்ஸ்அப் கணக்குதான். பிறகு உங்கள் பெயரில் உறவினர்களிடம் பணம் கேட்டுச் செய்தி போகும். ஆகவே வாட்ஸ்அப்பில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி 6 இலக்க ரகசிய எண் வையுங்கள், வங்கிக் கணக்கின் அண்மைய வரவு செலவைப் பாருங்கள், ஒரு ரூபாய் குறைந்திருந்தாலும் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். இதில் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை, அம்மா. பார்சலை எதிர்பார்த்திருக்கும் யாரும் அழுத்தியிருப்பார்கள். அக்கம்பக்கத்தில் உள்ளவர்களிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். அடுத்த வீட்டுக்கு அந்த அழைப்பு வரும்போது உதவும்.

கேள்வி: பழைய ஃபோன் ஒன்று வாங்கினேன். இரண்டு வாரம் நன்றாக இருந்தது. இப்போது எந்த சிம் போட்டாலும் நெட்வொர்க் இல்லை. வைஃபை மட்டும் வேலை செய்கிறது.
– வாசகர், வில்லியனூர்

பதில்: *#06# என்று அழுத்துங்கள். திரையில் ஃபோனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். இரண்டு சிம் ஃபோன் என்றால் இரண்டு எண்கள் வரும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் தட்டி 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அதன் நிலை தெரியும். உங்கள் ஃபோனிலிருந்து அனுப்ப முடியாது என்பதால் வீட்டில் வேறொருவர் ஃபோனிலிருந்து அனுப்புங்கள். தொலைந்துபோன ஃபோன்களை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பதிந்து முடக்கும் வசதி 2023 மே மாதம் முதல் நாடெங்கும் இருக்கிறது. அப்படி முடக்கப்பட்ட ஃபோன் எந்த நிறுவனத்தின் சிம்மையும் ஏற்காது. உங்களுடையது முடக்கப்பட்டது என்று பதில் வந்தால், ரசீதோடு விற்றவரிடம் போங்கள், அவர் மறுத்தால் காவல் நிலையத்துக்குப் போங்கள். ஐஎம்இஐ எண்ணை மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு 3 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. எண் வரும் இடம் வெறுமையாகவோ வெறும் சுழியங்களாகவோ இருந்தால் மட்டும், பழுது உண்மையிலேயே போர்டில் இருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: இரண்டு சிம் வைத்திருக்கிறேன். ஒன்றில் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றதற்கு அழைப்பவர்களுக்கு ‘நாட் ரீச்சபிள்’ என்று வருகிறதாம். சிம் மாற்ற வேண்டுமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: மாற்ற வேண்டியதில்லை. பெரும்பாலான ஃபோன்களில் இரண்டு சிம்மும் காத்திருக்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேசலாம். ‘தொடர்பு கிடைக்காதபோது’ என்ற வகைத் திருப்பலை மட்டும் ஒவ்வொரு எண்ணிலிருந்தும் மற்றதற்கு நீங்களே ஃபோனின் அமைப்புகளில் போட்டு வைக்கலாம். அதோடு இரண்டு சிம்மிலும் ‘கால் வெயிட்டிங்’ வசதியையும் இயக்கி வையுங்கள். இல்லாவிட்டால் திருப்பி வந்த அழைப்பும் ‘எண் உபயோகத்தில் உள்ளது’ என்ற குரலோடு நின்றுவிடும்.