அம்பு எங்கிருந்து கிளம்ப வேண்டும்? ‘ஆர்’ எப்போது ‘எஸ்’ ஆகும்?

காட்பாடியிலிருந்து பி.எஸ்சி. வேதியியல் மாணவி ஒருவர் கேட்கிறார்: “வினை வழிமுறையில் அம்புக்குறி எந்தப் பக்கம் என்று குழம்புகிறது. எஸ்என்2 வினையில் ‘ஆர்’ கொடுத்தால் ‘எஸ்’தான் வருமா? இரண்டு படங்களைக் காட்டி இனன்சியோமரா என்று கேட்டால் என்ன செய்வது?”

முதலில் பெயர்கள். ஒரு கார்பனைச் சுற்றி நான்கு வெவ்வேறு தொகுதிகள் அமையும் இரு விதங்களே ‘ஆர்’, ‘எஸ்’. ஒன்றோடொன்று பொருந்தாத கண்ணாடிப் பிம்பமான இரு சேர்மங்கள் இனன்சியோமர்கள். ஒரு தொகுதி வந்து சேரும் அதே படியில் மற்றொன்று வெளியேறும் வினை எஸ்என்2.

வளைந்த அம்பு காட்டுவது எலக்ட்ரான் இணை போகும் வழியை. எனவே பிணைப்பில் சேராத தனி இணையிலிருந்தோ பிணைப்பிலிருந்தோதான் கிளம்பும். புரோட்டானிலிருந்து அம்பு போட்டால் மார்க் போச்சு. கொடுக்க அதனிடம் எலக்ட்ரானே இல்லை.

ஆர்-2-புரோமோபியூட்டேனை ஹைட்ராக்சைடு தாக்குகிறது என்று வையுங்கள். (நீக்க வினையும் போட்டிக்கு வரும், அது இப்போது வேண்டாம்.) ஆக்சிஜனின் தனி இணையிலிருந்து கார்பனுக்கு ஓர் அம்பு, கார்பன்-புரோமின் பிணைப்பிலிருந்து புரோமினுக்கு இன்னொன்று. இரண்டும் ஒரே படியில். இரண்டாவதை மறந்தால் கார்பனுக்கு ஐந்து பிணைப்பு ஆகிவிடும். தாக்குதல் புரோமினுக்கு நேர் பின்னாலிருந்து வருவதால் அமைப்பு தலைகீழாகும். வால்டன் 1896-இல் வெளியிட்டது இந்தத் தலைகீழாக்கத்தைத்தான். கிடைப்பது எஸ்-2-பியூட்டனால்.

ஆனால் எழுத்து மாறியே தீரும் என்று மனப்பாடம் செய்யாதீர்கள். 2-புரோமோ-1-மீத்தாக்சிபுரோப்பேனைச் சயனைடு தாக்கட்டும். தொகுதிகளுக்கு முன்னுரிமை, மையக் கார்பனோடு இணைந்த அணுவின் அணு எண்ணை வைத்து; அது சமமானால் அடுத்த அணுக்களை ஒப்பிட வேண்டும். முதலில் புரோமினுக்கே முதலிடம், மீத்தாக்சிமெத்திலுக்கு இரண்டாமிடம். விளைபொருளில் மீத்தாக்சிமெத்தில், சயனோவை முந்திவிடுகிறது: இரண்டிலும் முதல் அணு கார்பன்தான், அடுத்து ஒப்பிடும் அணுக்களில் ஆக்சிஜன், நைட்ரஜனைவிடப் பெரியது. அமைப்பு திரும்பியும் ‘ஆர்’, ‘ஆர்’ ஆகவே நிற்கும். ஆகவே முதலில் தலைகீழாக வரைந்துவிட்டு, பிறகு முன்னுரிமையைப் புதிதாகப் போடுங்கள்.

கடைசி இடத்துத் தொகுதி, பெரும்பாலும் ஹைட்ரஜன், பின்னால் இருந்தால் 1, 2, 3 வலஞ்சுழியாகச் சென்றால் ‘ஆர்’. உங்களை நோக்கியிருந்தால் வந்த விடையை அப்படியே திருப்புங்கள். சிலுவைக் கோடுகளாக வரையும் ஃபிஷர் படத்தில் கிடைக்கோட்டில் உள்ளவை உங்களை நோக்கியிருக்கும்; அங்கே ஹைட்ரஜன் இருந்தாலும் இதே கதைதான்.

படங்களை ஒப்பிட, ஒன்றை மற்றொன்றாக்க எத்தனை முறை இரு தொகுதிகளை இடம் மாற்ற வேண்டும் என்று எண்ணுங்கள். ஒற்றைப்படை என்றால் இனன்சியோமர், இரட்டைப்படை என்றால் அதே சேர்மம். இது ஒரே ஒரு சீர்மையற்ற கார்பன் (நான்கு வெவ்வேறு தொகுதிகள் கொண்டது) இருக்கும்போது மட்டும். ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காயில் புளியின் டார்டாரிக் அமிலம் இருக்கிறதே, அதில் அத்தகைய கார்பன்கள் இரண்டு, இரண்டுமே ‘ஆர்’. இரண்டும் ‘எஸ்’ ஆனால்தான் இனன்சியோமர். ஒன்று மட்டும் மாறினால் அது மீசோ வடிவம்: ஒரு பாதி மறுபாதியின் பிம்பம், அதனால் முனைவுற்ற ஒளியைச் சுழற்றாது.