வெறுங்குலையிலிருந்து ஹைட்ரஜன் வருமா?

கேள்வி: எங்கள் செம்பனை ஆலைக்குப் பின்னால் பழம் உதிர்த்த வெறுங்குலைகள் மலைபோல் கிடக்கின்றன. அவற்றிலிருந்து ஹைட்ரஜன் எடுத்து வண்டி ஓட்டலாம் என்கிறார்களே, உண்மையா?
(வாசகர், நிபோங் திபால், பினாங்கு)

பதில்: உண்மைதான், ஆனால் குலையை எரித்துவிட்டால் ஹைட்ரஜன் கிடைக்காது. முழுதாக எரியவிடாமல், சிறிதளவு ஆக்சிஜனும் நீராவியும் மட்டும் செலுத்தி ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால், நார் சிதைந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவாகிறது. அடுத்த கலனில் அந்தக் கார்பன் மோனாக்சைடு வினையூக்கியின் உதவியால் நீராவியுடன் வினைபுரிந்து மேலும் ஹைட்ரஜனைத் தருகிறது. உலர்ந்த தாவரப் பொருளின் எடையில் ஹைட்ரஜன் 6 விழுக்காடு அளவே இருப்பதால், கிடைப்பதில் கணிசமான பங்கு உண்மையில் நீரின் கொடை.

அதே நீர்தான் தொல்லையும். நீராவியில் வெந்து ஆலையை விட்டு வெளியே விழும் குலையில் ஆவி பறப்பதைப் பார்த்திருப்பீர்கள்; ஆறியபின் ஒரு கொத்தைப் பிடித்து முறுக்கினால் எண்ணெய் கலந்த நீர் கசியும். எடையில் 60 விழுக்காட்டுக்கும் மேல் ஈரம். (குவியலில் முளைக்கும் காளானைப் பறித்துக் குழம்பு வைப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.) உலர்த்தாமல் உலையிலிட்டால் வெப்பத்தின் பெரும்பகுதி நீரைக் கொதிக்கவைப்பதிலேயே போய்விடும். போதாக்குறைக்குப் பொட்டாசியம் மிகுந்த சாம்பல் உருகி உலைக்குள் ஒட்டிக்கொள்ளும். வாயுவோடு சேர்ந்து வரும் தார், குளிர்ந்த குழாய்களில் படிந்து அடைக்கும். வாயுவைச் சுத்தம் செய்யும் இந்த வேலையில்தான் பணம் கரைகிறது என்பது என் கணிப்பு. குலை இலவசம் என்பதும் சரியன்று: மரத்தடியில் பரப்பினால் அது உரம், எடுத்துவிட்டால் அந்த உரத்தைக் கடையில் வாங்க வேண்டும்.

வண்டியைப் பொறுத்தவரை, 1 கிலோ ஹைட்ரஜனில் ஏறத்தாழ 33 யூனிட் (கிலோவாட்-மணி) ஆற்றல் உண்டு. 1 லிட்டர் பெட்ரோலில் 9 யூனிட் அளவே. கூச்சிங்கில் 2019இல் திறக்கப்பட்ட ஹைட்ரஜன் நிலையம் மின்சாரத்தால் நீரைப் பிளக்கிறது. குலைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கேள்வி: ஆலைக் கழிவுநீரிலிருந்தும் எடுக்க முடியுமா?
(வாசகி, பிறை)

பதில்: முடியும். காற்றுப் புகாத கலனில் குளோஸ்டிரிடியம் வகை பாக்டீரியாக்கள் சர்க்கரையைச் சிதைத்து ஹைட்ரஜனை வெளியிடும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு 4 ஹைட்ரஜன் மூலக்கூறுகள் என்பது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் பாதி தேறினாலே பெரிது. மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகள் அந்த ஹைட்ரஜனைத் தின்றுவிடும் என்பதால், கலனில் சேர்க்கும் சேற்றை முன்கூட்டியே சூடாக்கி அவற்றை ஒழிக்கிறார்கள். இப்போதைக்குக் கழிவுநீர்க் குளத்தை மூடி மீத்தேனைப் பிடித்து மின்சாரம் எடுப்பதே ஆலைகளுக்குக் கைவந்த வழி.